பந்தயச் சாரதியும் பாரவண்டிச் சாரதியும்

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பிரயாணம் செய்யும் நம் மாணவர்கள் ஒரு விசித்திர வாகனத்தை அடிக்கடி கண்டிருப்பர். அதற்குக் கூரை இல்லை, கதவு இல்லை, பின்னே பாரம் ஏற்றும் தட்டும் இல்லை. நீண்ட இரண்டு இரும்புச் சட்டங்கள், அவற்றின்கீழ்ச் சக்கரங்கள், முன்னே எந்திரமும் முகப்புத் தகடும், இவ்வளவே அதன் உருவம். தற்காலிகமாகப் பொருத்திய ஓர் ஆசனத்தில் தலைக்கவசம் அணிந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, வெயிலையும் புழுதியையும் நேரே ஏற்றவாறு ஒருவர் அதைச் செலுத்தி வருவார். ஆலையினின்று பட்டறைக்குச் செல்லும் லாரியின் எலும்புக்கூடே அது. நம் பக்கத்தார் அதனைச் 'சேஸ்' என்று வழங்குவர். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி முதலிய ஊர்களின் பட்டறைகளில் அதற்குப் 'பாடி' கட்டப்பெறும். தச்சரும் கொல்லரும் வர்ணம் பூசுவோரும் சில வாரங்கள் உழைத்தபின், அவ்வெலும்புக்கூடு தசையும் தோலும் பெற்று, காசி முதல் கன்னியாகுமரி வரை ஓடப் புறப்படும்.

அவ்வாறு கட்டப்படும் வண்டியில் பாரத்தின் இருப்பிடத்தைப் பற்றிப் பலரும் சிந்திக்கின்றனர். எத்தனை டன் ஏறும், பக்கப் பலகை எவ்வளவு உயரம், தார்ப்பாய் கட்டக் கொக்கிகள் எத்தனை என்பனவெல்லாம் நுட்பமாகப் பேசப்படுகின்றன. சாரதியின் இருப்பிடத்தைப் பற்றி அவ்வளவு பேச்சு எழுவதில்லை. வண்டி எதன்மீதேனும் மோதும் அந்த ஒரு கணத்தில், அவருக்கும் மரணத்துக்கும் இடையே நிற்பது யாது? இக்கேள்வியையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

இதனை ஆராய்வதற்கு நாம் முதலில் நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கிறது. சாரதியின் உயிர்க்காப்பைப் பற்றி உலகத்தில் மிக ஆழமாக ஆராய்ந்த இடங்களுள் ஒன்று, அமெரிக்க நாட்டின் மோட்டார்ப் பந்தயத் தடம். அங்கே கற்ற பாடத்தை மனத்திற் கொண்டு மீண்டும் நம் சாலைக்கு வருவோம்.

1. 'ஸ்டாக் கார்' பந்தயம் என்பது யாது?

'ஸ்டாக்' என்பது கடையில் விற்பனைக்கு இருக்கும் சரக்கைக் குறிக்கும் சொல். கடையில் எவரும் வாங்கக்கூடிய சாதாரண மோட்டார் வண்டியைக் கொண்டே ஓடுவது என்பதே இப்பந்தயத்தின் மூலக்கருத்து. 1948-ஆம் ஆண்டில் பிளாரிடா மாகாணத்து டேடோனா கடற்கரை ஊரில் வில்லியம் பிரான்ஸ் என்பார் 'நாஸ்கார்' என்னும் பந்தயச் சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் சார்லட் நகரில் சாதாரண வண்டிகளுக்கென்றே ஒரு பந்தயம் நடைபெற்றது. அக்காலத்தில் வீட்டிலிருந்து ஓட்டி வந்த வண்டியையே தடத்தில் ஓட்டியோரும் உண்டு. ஓடும்போது கதவு திறந்து கொள்ளாதபடி வாரினால் இறுகக் கட்டிவிடுவர். அவ்வளவே அன்றைய பாதுகாப்பு.

1959-இல் டேடோனாவில் பெருந்தடம் திறக்கப்பட்டது. அதன் வளைவுகள் 31 பாகை சாய்ந்து சுவர்போல் எழுந்து நிற்பன. வேகம் ஆண்டுதோறும் ஏறியது. நாளடைவில் அவ்வண்டிகள் வெளித்தோற்றத்தில் மட்டும் கடைவண்டியை ஒத்திருக்க, உள்ளே எஃகுக் குழாய்களால் பின்னிய கூண்டாக மாறின. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகமும் அங்கே அரிதன்று.

2. மோதலின் கணக்கு

வேகம் என்பது யாது என்பதைப் பௌதிகம் பயிலும் மாணவர் எளிதில் கணக்கிடலாம். ஒரு பொருள் உயரத்திலிருந்து விழும்போது அடையும் வேகத்தின் வர்க்கம், உயரத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி இரட்டித்ததற்குச் சமம். இவ்விதிப்படி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி ஒரு கற்சுவரில் மோதி நிற்பது, அது சுமார் 14 மீட்டர், அதாவது 46 அடி உயரத்திலிருந்து தரையில் விழுவதற்கு ஒப்பாகும். நாமக்கல்லின் நடுவே நிற்கும் ஒற்றைக்கல் மலையின் உயரம் ஏறத்தாழ 65 மீட்டர். அதன் உச்சியினின்று விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 128 கிலோமீட்டர் வேகம் பெற்றிருக்கும். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகமோ, அத்தகைய மலைகள் ஐந்தினை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி அவற்றின் உச்சியினின்று விழுவதற்கும் மேற்பட்டது.

ஆயின் மனிதனைக் கொல்வது வேகம் மட்டுமன்று. அவ்வேகம் எவ்வளவு தூரத்தில் அடங்குகிறது என்பதே முக்கியம். 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் உடல் 1 மீட்டர் தூரத்தில் சீராக நிறுத்தப்படுமாயின், அவர்மீது புவியீர்ப்பைப்போல் 14 மடங்கு விசை தாக்கும். 60 கிலோ நிறையுடையவர் அந்நேரம் சுமார் 850 கிலோ பாரத்தைத் தாங்குகிறார். வாரினால் உடல் முழுவதும் அது பகிர்ந்து ஏற்கப்பட்டால் பிழைத்தல் கூடும். வார் இன்றி முன்னே எறியப்பட்டு, இரும்புத் தகட்டின்மேல் 10 சென்டிமீட்டர் தூரத்தில் அவ்வுடல் நிற்குமாயின் விசை 142 மடங்காகிவிடும். பாரம் 8,500 கிலோவாகும். மனித எலும்பு அதைத் தாங்காது.

ஆகவே உயிர்க்காப்புக் கலை முழுவதையும் மூன்று வாக்கியங்களில் அடக்கலாம். சாரதி இருக்கும் இடம் நசுங்கலாகாது. சாரதியின் உடல் அவ்விடத்தோடு கட்டுண்டிருக்க வேண்டும். மோதலின் விசையை வேறு ஏதேனும் ஒன்று மெல்ல மெல்லத் தன்னிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயனற்றுப் போகக் கூடும்.

3. மரணங்கள் கற்பித்த பாடம்

பந்தயத் தடத்தார் இவற்றை ஏட்டிலிருந்து கற்கவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு விபத்தினின்றே கற்றனர். 1964-ஆம் ஆண்டு மே மாதம் சார்லட் தடத்தில் கிளென் ராபர்ட்ஸ் என்னும் புகழ்பெற்ற சாரதியின் வண்டி கவிழ்ந்து தீப்பற்றியது. தீக்காயங்களோடு பல வாரம் போராடி ஜூலை 2-ஆம் தேதி அவர் இறந்தார். அதன்பின்னரே தகடு கிழிந்தாலும் எரிபொருள் சிந்தாதவாறு இரப்பர்ப் பைபோன்ற தொட்டியும், தீயை எதிர்க்கும் உடையும் விரைந்து பரவின. 1970-இல் டார்லிங்டன் தடத்தில் ரிச்சர்ட் பெட்டியின் வண்டி பலமுறை உருண்டபோது, அவர் தலையும் கையும் ஜன்னல் வழியே வெளியே தொங்கியதைப் பார்த்தோர் நடுங்கினர். அவர் பிழைத்தார். ஜன்னலில் வலை கட்டும் வழக்கம் அவ்விபத்திலிருந்து பிறந்தது. 1987-இல் டாலடேகா தடத்தில் பாபி ஆலிசனின் வண்டி மேலெழும்பிக் கம்பிவேலியைக் கிழித்தது. பார்வையாளர் சிலர் காயமுற்றனர். அடுத்த ஆண்டு முதல் பெருந்தடங்களில் எந்திரத்துக்குச் செல்லும் காற்றைக் குறுக்கும் தட்டு கட்டாயமாக்கப்பட்டு வேகம் குறைக்கப்பட்டது.

இவற்றினும் பெரிய பாடம் ஒன்று நெடுநாள் கற்கப்படாமலே இருந்தது. எஃகுக் கூண்டு வண்டியை நசுங்காமற் காத்தது. வார்கள் உடலை ஆசனத்தோடு கட்டின. ஆயினும் தலை மட்டும் கட்டப்படவில்லை. வண்டி திடீரென நிற்கும்போது உடல் வாரினால் தடுக்கப்பட, தலையோ முன்னேறிச் செல்கின்றது. தலையும் கவசமும் சேர்ந்து ஏறத்தாழ 6 கிலோ என்று கொண்டால், 50 மடங்கு விசையில் கழுத்தை இழுக்கும் பாரம் 300 கிலோ ஆகும். மண்டையோட்டின் அடிப்பாகம் அவ்விழுப்பில் முறிகின்றது.

மிச்சிகன் மாகாணப் பல்கலைக்கழகத்தில் உயிர்ப்பொறியியல் ஆசிரியராயிருந்த ராபர்ட் ஹப்பர்ட், தம் மைத்துனரும் பந்தயச் சாரதியுமான ஜிம் டௌனிங்குடன் சேர்ந்து, இதற்கு ஒரு மாற்றினை 1980-களிலேயே கண்டிருந்தார். தோள்மேல் அமரும் ஒரு கழுத்துப் பட்டம் அது. தோள்வார்கள் அதன்மேல் அழுந்திப் பிடிக்க, அதிலிருந்து இரு சிறு வார்கள் தலைக்கவசத்தோடு இணைக்கப்படும். உடல் நிற்கும்போது தலையும் உடன் நிற்கும். கருவி இருந்தது, அதை அணிவாரோ சிலரே. கழுத்தை அழுத்துகிறது, அசௌகரியம் என்றனர் பலர். 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் 19 வயது இளைஞன் ஆடம் பெட்டியும், ஜூலையில் கென்னி இர்வினும் நியூ ஹாம்ப்ஷயர் தடத்திலேயே மாண்டனர். அப்போதும் விதி மாறவில்லை.

2001 பிப்ரவரி 18-ஆம் தேதி, டேடோனாப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில், அந்நாட்டின் தலைசிறந்த சாரதியான டேல் எர்ன்ஹார்ட்டின் வண்டி சுவரில் மோதியது. பார்த்தோர்க்கு அது பெரிய விபத்தாகத் தோன்றவில்லை. வண்டி உருளவுமில்லை, எரியவுமில்லை. ஆயினும் அவர் இறந்தார். மண்டையோட்டின் அடிப்பாகம் முறிந்திருந்தது. அவரும் அக்கழுத்துப் பட்டத்தை விரும்பாதவரே.

அதன்பின் நிகழ்ந்ததே நாம் கவனிக்கத் தக்கது. பந்தயச் சங்கத்தார் நிபுணரைக் கூட்டி விபத்தை ஆராய்ந்து, அவ்வாண்டு ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டனர். அக்டோபரில் தலையையும் கழுத்தையும் காக்கும் கருவி கட்டாயமாயிற்று. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டீன் சிக்கிங் தலைமையில் ஆக்கப்பட்ட புதுவகைத் தடுப்புச் சுவர் 2002 மே மாதம் இண்டியனாபோலிஸ் தடத்தில் முதன்முதல் நிறுவப்பெற்றது. காங்கிரீட்டுச் சுவருக்கு முன்னே எஃகுக் குழாய்களும், இடையே நுரைக் கட்டிகளும் அமைந்தது அது. வண்டி மோதும்போது நுரை நசுங்கி விசையை வாங்கிக்கொள்ளும். 2007-இல் வந்த புதுவண்டியில் சாரதியின் ஆசனம் கதவினின்று விலக்கி நடுப்பக்கமாக நகர்த்தப்பட்டது. 2020 பிப்ரவரியில் அதே டேடோனாத் தடத்தில், அதே கடைசிச் சுற்றில், ரையன் நியூமன் என்பாரின் வண்டி சுவரில் மோதித் தலைகீழாக, இன்னொரு வண்டியும் அதன் சாரதிப் பக்கத்தைப் பெருவேகத்தில் தாக்கியது. அவர் இறந்தார் என்றே பலரும் எண்ணினர். இரண்டு நாளில் தம் இரு பெண்மக்களின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் வைத்தியசாலையினின்று நடந்து வெளிவந்தார்.

ஆயினும் இக்கலை முடிந்துவிட்டதென்று கருதலாகாது. 2022-இல் வந்த வண்டி முந்தியவற்றினும் உறுதியாகக் கட்டப்பட்டது. அவ்வுறுதியே தீங்காயிற்று. பின்புறம் நசுங்காமையால் மோதலின் விசை சாரதியின் தலையைச் சேர்ந்தது. கர்ட் புஷ், அலெக்ஸ் போமன் என்னும் இருவர் அவ்வாண்டு மூளையதிர்ச்சியால் ஓட இயலாது விலகினர். மறு ஆண்டு அப்பின்புறம் சற்று நசுங்குமாறு திருத்தப்பட்டது. நசுங்க வேண்டிய இடம் நசுங்குதலும், நசுங்கலாகாத இடம் நசுங்காமையும் ஆகிய இரண்டுமே காப்பு என்பது இதனால் விளங்கும்.

4. நம் நாட்டுத் தடங்கள்

இவ்விளையாட்டு நம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்திலே, 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார் பல்லாண்டு பந்தயம் நடத்தினர். பின்னர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே தடம் அமைந்தது. கோயமுத்தூரை அடுத்த செட்டிபாளையத்துத் தடம், பந்தய வண்டிகளை இந்நாட்டிலேயே கட்டிய கரிவரதன் அவர்களின் பெயர் தாங்கி நிற்கிறது. அமெரிக்க ஸ்டாக் பந்தயத்துக்கு நம் நாட்டில் மிக நெருங்கியது, சாலையில் ஓடும் வண்டியைத் திருத்தி ஓட்டும் 'சலூன்' வகுப்பே. 2023 ஜனவரி 8-ஆம் தேதி இருங்காட்டுக்கோட்டையில் நடந்த அவ்வகுப்புப் பந்தயத்தில், அனுபவம் முதிர்ந்த கே. ஈ. குமார் அவர்கள் தம் 59-ஆம் வயதில் விபத்துற்று இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே தடத்தில் இருசக்கர வண்டிப் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவனும் மாண்டான். அனுபவமும் காக்கவில்லை, இளமையும் காக்கவில்லை. காக்க வேண்டியது ஏற்பாடே.

இவ்வளவும் பந்தயத்தின் கதை. பந்தயத்தில் ஓடுவோர் சிலர். தாமே விரும்பிச் செல்வோர். நம் சமவெளியிலோ சோற்றுக்காகச் சக்கரத்தைப் பிடிப்போர் பல்லாயிரவர். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் தொகை 1,68,491 என்பது அரசாங்கக் கணக்கு. பந்தயத்தில் ஒருவர் இறந்தால் உலகமே அறிகின்றது. லாரிச் சாரதி இரவு இரண்டு மணிக்கு எங்கோ ஓர் அயல் மாநிலச் சாலையில் இறந்தால், அவர் வீட்டுக்கும் முதலாளிக்கும் அன்றி யாருக்கும் தெரிவதில்லை.

5. சாரதியின் அறை

முன்கூறிய மூன்று வாக்கியங்களையும் நம் லாரியோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். முதலாவது, சாரதியின் இடம் நசுங்கலாகாது என்பது. லாரியின் மூக்கு முன்னே நீண்டிருந்த காலம் போய்விட்டது. இன்று சாரதி எந்திரத்தின்மேலேயோ அதன் பக்கத்திலேயோ, வண்டியின் முன்விளிம்பில் அமர்கிறார். அவர் முழங்காலுக்கும் எதிரே வரும் பொருளுக்கும் இடையே உள்ள தூரம் மிகச் சிறிது. மரச்சட்டமும் மெல்லிய தகடுமாகக் கட்டிய அறை முன்னிருந்து வரும் அடியைத் தாங்காது. பின்னிருந்தும் ஓர் அபாயம் உண்டு. இரும்புக் கம்பி, மரம், கல் முதலிய பாரங்கள் இறுகக் கட்டப்படாவிடின், வண்டி திடீரென நிற்கையில் அவை நில்லாமல் முன்னேறி அறையின் பின்சுவரைத் துளைத்து வருகின்றன. தலை நில்லாமையால் கழுத்து முறிந்த பந்தயச் சாரதியின் கதையும் இதுவும் ஒரே விதியின் இரு உதாரணங்கள்.

லாரி அறையில் உயிர்தப்பும் இடம் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பதற்கு இந்திய வாகனத் தொழில் தரநூல்களுள் 29-ஆம் எண்ணுடையது விதி வகுத்துள்ளது. முன்னே ஊசல்கொண்டு அடித்தல், கூரையின்மேல் பாரம் வைத்தல், பின்சுவரை அழுத்துதல் என்பன அதிற் கூறிய சோதனைகள். இத்தகைய சோதனையில் தேறிய எஃகு அறையோடு ஆலையிலிருந்தே வரும் லாரிகள் பெருகி வருகின்றன. பட்டறையாளர்க்கு இது கவலையளிப்பது இயல்பே. அறையும் பாடியும் ஆலையிலேயே கட்டப்பெற்றால் தங்கள் கைத்தொழில் என்னாகும் என்று அவர்கள் கேட்கின்றனர். நாமக்கல் பக்கத்துப் பட்டறை ஒன்றில் நாம் உரையாடிய முதிய தச்சர், "ஐயா, நாங்கள் கட்டிய பலகை இருபது வருஷம் உழைக்கும்; ஆனால் உள்ளே உட்காரும் ஆளுக்கு என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை" என்றார். அச்சொல்லில் குற்றம் காண்பதற்கு இடமில்லை. அத்தகைய கைவன்மையோடு அளவையும் சோதனையும் சேருமாயின், இத்தொழில் அழியாமல் உயரும் என்பதே நம் எண்ணம்.

இரண்டாவது, உடல் கட்டுண்டிருத்தல். மூன்று முனைகளில் கட்டும் வாரினை ஸ்வீடன் நாட்டு நில்ஸ் போலின் 1959-இல் ஆக்கினார். இன்று அது இல்லாத புதுவண்டி இல்லை எனலாம். ஆயினும் அதனைப் பின்னே தள்ளிவிட்டு அமரும் சாரதிகள் பலர். காரணம் கேட்டால், வெக்கை என்பர். அடிக்கடி இறங்கி ஏற வேண்டும் என்பர். ஆபத்து வந்தால் குதிக்கலாம் என்பர். எர்ன்ஹார்ட் கூறிய காரணமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே என்பதை மாணவர் நினைவிற் கொள்க. வீரர் அஞ்சாமையாலும் உழைப்பாளி அசௌகரியத்தாலும் காப்பினை மறுக்கின்றனர். இருவரையும் வாதத்தால் மட்டும் வெல்லல் அரிது. வெக்கையைப் போக்கினால் வாரினை அணிதல் எளிதாகும். 2025 அக்டோபர் 1 முதல் கட்டப்படும் நடுத்தர, பெரிய லாரிகளின் அறையில் குளிர்சாதனம் இருத்தல் வேண்டும் என்று ஒன்றிய அரசு 2023 டிசம்பரில் விதித்தது. அறையின்றி விற்கப்படும் சேஸுக்கும் அதற்கேற்ற சாதனத்தொகுதி வேண்டும் என்றது அவ்விதி. இதனைச் சுகபோகம் என்று நகைப்போர், எந்திரத்தின் சூட்டோடு பங்குனி வெயிலில் ஒரு நாள் அமர்ந்து பார்ப்பாராக.

6. தொப்பூர் இறக்கம்

மூன்றாவது, விசையை வேறொன்று வாங்கிக்கொள்ளுதல். இதற்கு நம் பக்கத்திலேயே பெரிய பாடசாலை ஒன்றுண்டு. தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் சாலையில் உள்ள தொப்பூர்க் கணவாயே அது. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே கட்டுக்கடங்காது ஓடிய லாரிகள் பல வண்டிகளை மோதி உயிர்களை மாய்த்தன. அவை தவிர நிகழ்ந்த விபத்துகளும் பல.

காரணம் என்ன? 28 டன் நிறையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் கீழிறங்குவதாகக் கொள்வோம். அது இழக்கும் நிலைச்சக்தி ஏறத்தாழ 2 கோடியே 74 லட்சம் ஜூல். வேகம் ஏறாதிருக்க வேண்டின் அவ்வளவும் வெப்பமாக மாறியாக வேண்டும். 90 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொணரப் போதிய வெப்பம் அது. தாழ்ந்த கியரில் இறங்கினால் எந்திரமே அதில் பெரும்பகுதியை ஏற்று வெளியேற்றும். டீசலை மிச்சம் பிடிக்க வேண்டிக் கியரை விலக்கி 'நியூட்ரலில்' விட்டால், முழுவதையும் பிரேக் டிரம்கள் ஏற்க வேண்டும். அவை காய்ந்து பிடிப்பை இழக்கும். எந்திரத்தையே நிறுத்திவிட்டால் பிரேக்குக்குக் காற்று ஊட்டும் கருவியும் நின்றுவிடும். திருப்பும் சக்கரமும் இறுகும். பிறகு மிதித்தும் பயனில்லை.

இப்பழக்கத்தைச் சாரதியின் அறியாமை என்று கூறி நாம் முடித்துவிடலாகாது. டீசல் மிச்சத்துக்குப் பரிசும் டீசல் மிகுதிக்குக் கூலிக்குறைவும் இருக்குமிடத்தில், அவ்வேற்பாடே கியரை விலக்குகிறது. சாரதியின் கை அதற்குக் கருவி மாத்திரம். முதலாளியும் பல வேளைகளில் ஒன்றிரண்டு லாரிகளைக் கடனுக்கு வாங்கித் தவணைக்கு அஞ்சி வாழும் சிறியவரே. ஆகையால் குற்றத்தை ஒருவர் தலையில் சுமத்துவதைவிட, இறக்கத்துக்கு முன்னே வண்டியை நிறுத்திப் பிரேக்கைச் சோதித்தல், வேகத்தை அளத்தல், சாலையின் வளைவையே திருத்தல் முதலியனவே பயன்தரும். அக்கணவாயில் உயர்மட்டச் சாலை அமைக்க 2024-இல் ஒன்றிய அரசு இசைந்தது இவ்வகையில் மகிழ்தற்குரியது.

7. உறக்கம் என்னும் எதிரி

பந்தயச் சாரதிக்கு இல்லாத எதிரி ஒன்று லாரிச் சாரதிக்கு உண்டு, அது உறக்கம். பந்தயம் மூன்று நான்கு மணி நேரத்தில் முடியும். சக்கரம் மாற்றவும் எரிபொருள் ஊற்றவும் தனித்தனி ஆட்கள் காத்திருப்பர். உயரத்தில் நின்று தடத்தைப் பார்த்து, காதில் எச்சரிக்கை கூறுவாரும் ஒருவர் இருப்பார். நம் சாரதியோ பல நாள் வழிச் செல்பவர். முன்னே இரண்டாம் சாரதியோ கிளீனரோ உடனிருப்பது வழக்கம். இன்று தனியாகச் செல்வோர் பெருகியுள்ளனர். 1961-ஆம் ஆண்டு மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று பொதுவாக வரையறுத்து, 5 மணி நேர வேலைக்குப்பின் அரைமணியேனும் ஓய்வு வேண்டும் என்றது. ஏட்டில் எழுதிய அவ்வளவுக்கும் சாலையில் நிகழ்வதற்கும் உள்ள தூரத்தைச் சாரதிகளின் மனைவியரைக் கேட்டால் அறியலாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி கண் மூடினால் வண்டி 66 மீட்டருக்குமேல் குருடாக ஓடும். அறையின் உறுதியும் வாரும் விபத்து நேர்ந்தபின் காப்பன. உறக்கமோ விபத்து நேராமலே காப்பது. ஆகவே சாலையோரத்தில் நிழலும் நீரும் படுக்கையும் உள்ள தங்குமிடம், பாதுகாப்புக் கருவிகளுள் முதலாவதாக எண்ணத்தக்கது.

8. முடிவுரை

இவ்வாராய்ச்சியினால் நாம் அடைவது யாது? பந்தயத் தடத்தார் நம்மினும் அறிவுடையார் என்பதன்று. அவர்களும் கருவி கையிலிருந்தும் ஏறத்தாழ இருபது ஆண்டு அசட்டையாயிருந்தனர். தலைசிறந்தவர் மாண்டபின்னரே விழித்தனர். விழித்தபின் அவர்கள் செய்ததே பின்பற்றத்தக்கது. உடைந்த வண்டியைக் கொண்டுபோய் ஆராய்ந்தனர், கண்டதை எழுதினர், எழுதியதை விதியாக்கினர், விதிக்குப்பின்னும் வந்த குறையை மீண்டும் திருத்தினர். நம் சாலைகளில் விபத்து நேர்ந்தால் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போலீஸ் நிலையத்து வாசலில் நிறுத்துகின்றோம். அங்கே அது வழக்கு முடியும்வரை துருவேறி நிற்கும். அதன் அறை எங்கே மடிந்தது, ஆசனம் எங்கே பெயர்ந்தது, பாரம் எவ்வழி வந்தது என்று அளந்து எழுதுவார் அரியர். ஒவ்வொரு வண்டியும் ஒரு பாடப்புத்தகம். நாம் அதைத் திறவாமலே மழையில் நனையவிடுகின்றோம்.

நம் கல்லூரியில் பயில்வோருள் சாரதியின் மக்களும், பட்டறையாளரின் மக்களும், லாரி முதலாளியின் மக்களும் ஒரே வகுப்பில் அருகருகே அமர்கின்றனர். இம்மூவரும் சாலையில் ஒருவரையொருவர் குறை கூறுவர். வகுப்பில் ஒரே பௌதிகத்தைக் கற்கின்றனர். இது சிறிய நன்மையன்று. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவன், தந்தையின் லாரியில் ஏறி அமர்ந்து, முழங்காலுக்கும் முகப்புத் தகட்டுக்கும் உள்ள தூரத்தை ஒரு சாணால் அளந்து பார்க்கட்டும். ஆசனத்தின் பின்னே செருகிக் கிடக்கும் வாரினை வெளியே எடுத்துத் தூசி துடைத்து, அதன் கொக்கி பற்றுகிறதா என்று சோதிக்கட்டும். பின்னர்த் தந்தையார் இரவுப் பயணத்துக்குப் புறப்படும்போது, நாம் மேலே கண்ட கணக்கினைத் தாழ்மையோடு அவர்க்கு எடுத்துரைக்கட்டும். அவ்வாறு ஒரு வார் ஓர் இரவில் பூட்டப்படுமாயின், இக்கட்டுரையை எழுதிய உழைப்புக்கு அதுவே போதிய ஊதியம்.